வினையெச்சம்

‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் எந்த வினைமுதலால் தொடங்குகிறதோ அந்த வினைமுதலாலேயே முடிவு பெற வேண்டும் என்று நம் இலக்கண ஆசிரியர்கள் விதித்தபோது, மொழியின் ஒழுங்கை மட்டுமன்றி, கர்த்தாவே போக்தாவாக வேண்டும் என்று தத்துவ சாஸ்திரங்கள் வற்புறுத்தும் தர்மத்தின் ஒழுங்கையும் தம்மையறியாமலே சொல்லிவிட்டார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. செய்தவனுக்குப் பயன் வாராமற் போவது கிருதநாசம். செய்யாதவனுக்கு அது வந்து சேர்வது அகிருதாப்யாகமம். நிலைத்த ஆன்மா இல்லையென்ற பௌத்தரை மடக்குவதற்கு வைதிகரும் ஜைனரும் எடுத்தாண்ட இவ்விரு தோஷங்களும், எதிராளியின் கொள்கையிலிருந்து விளையும் அசம்பாவிதங்களாகவே பேசப்பட்டனவேயன்றி, கண்முன் நடக்கக்கூடியவை என்று அவர்களில் எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

லாவோஸ் தேசத்தில் அவை நடந்தன. மன்னராட்சிக்கும் பதேத் லாவ் என்னும் பொதுவுடைமை இயக்கத்துக்கும் மூண்ட உள்நாட்டுப் போரில், 1964 முதல் 1973 வரை, அமெரிக்க விமானங்கள் ஏறக்குறைய 5,80,000 முறை பறந்து 20 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தன. கொத்துக் குண்டுகளிலிருந்து சிதறிய சிறு குண்டுகள் மட்டுமே 27 கோடி என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நடுவானில் உறை இரு பாதியாகப் பிளக்க, அதிலிருந்து அறுநூறுக்கு மேற்பட்டவை கொட்டும். டென்னிஸ் பந்தளவுள்ள ஒவ்வொன்றும் தன் மேலுள்ள வரம்புகள் காற்றைப் பிடிக்கச் சுழன்று, அச்சுழற்சியாலேயே வெடிப்பதற்கு ஆயத்தமாகும். சுழற்சி போதாமலும், ஈரமண்ணின் மென்மையில் விழுந்தும் நூற்றுக்கு 30 வரை வெடிக்காமல் தங்கிவிட்டன. அந்நாட்டார் இச்சிறு குண்டைப் ‘பொம்பி’ என்கிறார்கள். நம் செவிக்குப் பொம்மை என்பதுபோல் விழும் அச்சொல், அதைப் பந்தென்று கையிலெடுக்கும் குழந்தைகளை நினைக்கையில் நெஞ்சைச் சுடுகிறது. போர் ஓய்ந்த பின், வெடிக்காமல் கிடந்த குண்டுகளால் மாண்டவரும் ஊனமுற்றவரும் 20,000 பேருக்கு மேல்.

சேதனையே, அதாவது செய்ய எண்ணித் துணிவதே, கர்மம் என்பது அந்நாட்டார் பலர் அனுசரிக்கும் பௌத்தத்தின் போதனை. அப்படியாயின், விசையை அழுத்திய விமானியின் சேதனை ஒரு கணத்தில் உதித்து ஒடுங்கிவிட்டது. அவர் வீடு திரும்பி, முதுமையெய்தி, ஒருவேளை மறந்தும் போயிருப்பார். மண்ணுக்குள் கிடக்கும் உருண்டைக்கோ சேதனை என்பதே இல்லை. பின், 50 ஆண்டு கழித்து ஒரு சிறுவனைக் கொன்ற வினை யாருடையது? அது அவனுடைய முற்பிறவிப் பயன் என்று விடை சொல்வாரும் உண்டு. இறந்துபோன குழந்தையையே குற்றவாளியாக்கி, எறிந்தவனைச் சாட்சியின் ஸ்தானத்தில் அமர்த்தும் அந்த விடையைக் காட்டிலும், விடையே இல்லாதிருப்பது மேல் என்று நான் கருதுகிறேன்.

சேதனையை ஒரு கணத்துக்குள் அடைப்பதில்தான் பிழை இருக்கிறதென்று தோன்றுகிறது. வழியோரத்தில் கிணறு வெட்டிக் கைப்பிடிச் சுவர் எழுப்பாமல் விட்டவன், அறிந்துகொண்டே நாள்தோறும் அதைக் கடந்து போவானாகில், அந்தக் கிணற்றை நாள்தோறும் வெட்டுகிறான். திரும்பப் பெறாத சங்கல்பம் இறந்தகாலத்துக்குப் போவதேயில்லை. விமானியைவிட, அவரை அனுப்பிய அரசுக்கே இது பொருந்தும். ஏனெனில் தனி மனிதனுக்குரிய மறதி அரசாங்கத்துக்குக் கிடையாது, அதனிடம் காகிதங்கள் இருக்கின்றன.

2008இல் டப்ளின் நகரில் ஏற்கப்பட்டு 2010 ஆகஸ்டில் அமலுக்கு வந்த கொத்துக் குண்டுத் தடை உடன்படிக்கை, எச்சங்களை அகற்றும் கடமையை, எந்த நாட்டு மண்ணில் அவை கிடக்கின்றனவோ அந்நாட்டின் மேலேயே வைக்கிறது. முற்காலத்தில் எறிந்த நாட்டை, உதவும்படி வலியுறுத்தி ஊக்குவிப்பதோடு நின்றுவிடுகிறது. அமெரிக்காவோ அதில் கையெழுத்தே இடவில்லை. ஆயினும் 2016இல் லாவோஸுக்குச் சென்ற ஜனாதிபதி ஒபாமா, உதவுவது தம் நாட்டின் தார்மிகக் கடமை என்று கூறி, மூன்றாண்டுகளுக்கு 9 கோடி டாலர் அறிவித்தார்.

லாவோஸின் சியங்குவாங் மாகாணத்தில், பிளந்த குண்டுறைகள் இன்று வீடுகளுக்குத் தூண்களாகவும் கீரை வளர்க்கும் தொட்டிகளாகவும் நிற்கின்றன. உழவர்கள் மண்வெட்டியை ஓங்காமல், மேலாகவே கொத்துகிறார்கள். முற்றத்தில் அடுப்பு மூட்டுகிறவள், முன்பு மூட்டிய இடத்திலேயே மூட்டுகிறாள். புதிய இடத்து மண் சூடேறினால் என்னாகும் என்பது அவளுக்குத் தெரியும்.