மாக்கோழியும் பிளாஸ்டிக் விமானமும்

ஆயுத பூஜை அன்று ஓசூர்ப் பட்டறைகளில் லேத், கம்ப்ரசர், ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் ஏறும். பொரிகடலை கைக்குக் கை மாறும். கடைசியில் வாசலில் பூசணிக்காய் உடையும். உள்ளே கொட்டிவைத்த குங்குமம் தெறித்துத் தரை சிவக்கும். வேப்பனப்பள்ளியில் லாரி வைத்திருப்பவர் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவார். 2019 அக்டோபர் 8, விஜயதசமி அன்று பிரான்சின் போர்தோ நகருக்கு அருகே இந்தியாவின் முதல் ரஃபேல் போர்விமானத்தைப் பெற்றுக்கொண்டபோது பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் செய்ததும் ஏறக்குறைய இதையேதான். விமானத்தின் மேல் ஓம் எழுதினார், தேங்காய் வைத்தார். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சை இருந்தது.

ஆட்டுக்குப் பதில் பூசணி, ரத்தத்துக்குப் பதில் குங்குமம். சரி, பதிலுக்கு வைத்த பொருள் அசலின் பாரத்தைச் சுமக்குமா?

சுமக்கும் என்று ஒரு பழைய கதை அடித்துச் சொல்கிறது. தமிழின் ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்று யசோதர காவியம். இதே கதையை 1209-இல் ஜன்னன் கன்னடத்தில் ‘யசோதர சரிதே’ என்று பாடினான். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் இந்த எல்லைப் பகுதிக்கு இது இரண்டு பக்கத்துச் சொந்தக் கதை. யசோதரன் சமணக் கொள்கையில் நின்ற அரசன். உயிர்ப்பலி கொடுக்க மறுக்கிறான். தாய் விடவில்லை; மாவினால் ஒரு கோழி செய்து அதையாவது தேவிக்கு வெட்டு என்கிறாள். வெட்டுகிறான். அந்த ஒரு வெட்டுக்காகத் மகனும் தாயும் மயிலும் நாயுமாகத் தொடங்கி, விலங்குப் பிறவிகளில் மாறிமாறி உழல்கிறார்கள்.

மாவுக்கு உயிர் ஏது? வாள் இறங்கியது மாவில்தான். ஆனால் இதைக் கோழியாக ஏற்றுக்கொள் என்று நினைத்துத்தானே அவன் கை ஓங்கினான்? சமணம் கணக்கில் எடுப்பது அந்த நினைப்பை. வள்ளுவரும் கள்ளாமை அதிகாரத்தில், திருட வேண்டும் என்று மனத்தால் எண்ணுவதையே தீது என்றுதான் வைக்கிறார்.

இப்போது அதே கேள்வியை, மேசை மேல் ஒரு பிளாஸ்டிக் மாதிரிப் போர்விமானத்தை வைத்துக் கேட்டுப் பார்க்கலாம். எடுத்துக்காட்டுக்கு ‘நாட்’. பிரிட்டனில் வடிவமைக்கப்பட்டு, உரிமம் பெற்று பெங்களூர் எச்.ஏ.எல். ஆலையில் கட்டப்பட்ட குட்டி ஜெட். 72-இல் ஒரு பங்கு அளவில் மொத்த நீளமே சுமார் 12 செ.மீ.; உள்ளங்கையில் அடங்கும். பாகங்களைச் சட்டத்திலிருந்து நறுக்கி எடுத்து, பிசிறை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். இதற்கான பசை வெறுமனே ஒட்டாது; இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் இளக்கி ஒன்றாக்கிவிடும். இடைவெளி தெரிந்தால் பட்டி பூசித் தேய்த்து, மறுபடியும் பூச வேண்டும். மூக்குக்குள் ஈயக்குண்டு வைக்க மறந்தால் விமானம் வாலில் உட்கார்ந்துவிடும். காற்று உள்ளே போகும் இரு பக்க வாய்களிலும் 30 மி.மீ. பீரங்கிக் குழல்கள் உண்டு. அச்சில் அவை அடைபட்ட மொட்டாகத்தான் வரும். ஊசி போன்ற துரப்பணத்தை விரலால் உருட்டி உருட்டி அந்த முனையில் துளை போட வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு செய்கிற வேலை.

துளை விழுந்ததும் ஒரு மகிழ்ச்சி வரும். அந்த இடத்தில்தான் மாக்கோழி கூவ வேண்டும். எதற்கான துளை அது?

பொம்மைதானே என்று தள்ளிவிடுவது எளிது. வரலாறு அதற்கு இடம் கொடுக்கவில்லை. 1942-இல் அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவர்களிடம் 5 லட்சம் மாதிரி விமானங்கள் செய்து தரக் கேட்டது. அவையும் இதே 72-இல் ஒரு பங்குதான். அந்த மாதிரியைப் பத்து மீட்டர் தள்ளி வைத்துப் பார்த்தால், அசல் விமானம் 720 மீட்டர் தொலைவில் எப்படித் தெரியுமோ அப்படித் தெரியும். எதைச் சுடலாம், எதைச் சுடக் கூடாது என்று வீரர்களின் கண்ணைப் பழக்க அந்த அளவு தோதாக இருந்தது. பையன்கள் செதுக்கியது மரக்கட்டை. அது பயிற்றுவித்தது அசல் துப்பாக்கியை. ஜெர்மனியில் இன்றும் மாதிரி விமானப் பெட்டிகளில் ஸ்வஸ்திகா ஒட்டுப்படத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள், அல்லது துண்டாக்கி வைக்கிறார்கள். நகக்கண் அளவு படத்துக்கும் எடை உண்டு என்பது அந்த நாட்டுச் சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது.

அதற்காக இந்தக் கலையைக் கைவிட வேண்டும் என்று யசோதரன் கதையிலிருந்து முடிவுகட்டினால் அது பாதி வாசிப்புதான். நினைப்பு பாவத்தைச் சுமக்கும் என்றால், நினைவையும் அதே நினைப்புதான் சுமக்க வேண்டும். கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கைவேலையால் ஒரு சாவைக் காத்துவைக்கும் வழி அவர்கள் வயல்வரப்பிலேயே நிற்கிறது. நடுகல்லை இந்தப் பக்கம் வேடியப்பன் என்று பெயர் வைத்துக் கும்பிடுகிறார்கள். தொல்காப்பியம் கல்லைத் தேர்ந்தெடுக்கும் ‘காட்சி’ தொடங்கி ‘வாழ்த்து’ வரை ஆறு படிகள் சொல்கிறது. ஒவ்வொரு படியும் இறந்தவனுக்காக. கல்லில் வில்லும் வாளும் இருக்கும், செதுக்கியவன் அதில் குறை வைத்திருக்க மாட்டான். ஆனால் பல கற்களில் வீரனின் உடம்பிலேயே அம்புகள் தைத்திருக்கும். ஆயுதமும் காயமும் ஒரே பலகையில். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டுக் கல்லில், வீரனோடு நின்ற நாய்க்கும் இடம் கிடைத்தது; கோவிவன் என்று அதன் பெயரும் பொறிக்கப்பட்டது. நுணுக்க வேலை என்றால் இதுதான்.

பிளாஸ்டிக் பெட்டியின் மேலட்டைப் படத்தில் இந்தக் காயம் இருக்காது. நீல வானம், பாயும் விமானம், கீழே யாரும் இல்லை. அதை அப்படியே நம்பிச் செய்கிறவர் மாவில் வாளை இறக்குகிறார் என்றே சொல்ல வேண்டும். நடுகல் செதுக்கியவனைப் போல விசாரித்துச் செய்கிறவர் வேறு. இந்த விமானம் எந்த ஊரில் நின்றது, யார் ஓட்டினார், திரும்பி வந்தாரா? நாட் விமானத்தைப் பொறுத்தவரை ஒரு பதில் எல்லோரும் அறிந்தது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் விமானதளத்தை ஆறு பாகிஸ்தான் சேபர் விமானங்கள் தாக்கின. 18-ஆம் ஸ்குவாட்ரனின் நிர்மல் ஜித் சிங் செகான், குண்டு விழுந்துகொண்டிருந்த ஓடுதளத்திலிருந்தே நாட்டைக் கிளப்பி, தனியாளாக அவற்றோடு மோதினார். வீழ்ந்தார். மறைவுக்குப் பின் பரம் வீர் சக்ரா. விமானப்படையில் அதைப் பெற்ற ஒரே ஆள் அவர். அவர் உடல் கிடைக்கவில்லை.

இதைத் தெரிந்துகொண்டு மேசைக்குத் திரும்புகிறவருக்கு விமானியின் இருக்கைதான் கடைசி வேலை. மாத்திரை அட்டையின் ஃபாயிலை அரை மில்லிமீட்டர் அகலத்தில் கீறியெடுத்து, சாமணத்தால் பிடித்து, தோள்பட்டை வார்களாக ஒவ்வொன்றாகப் படிய வைக்க வேண்டும். அதற்கே ஒரு மாலைப்பொழுது போய்விடும். பெட்டியில் ஒரு விமானி பொம்மை இருந்தால் அதை எடுத்துத் தனியே வைத்துவிடலாம். வார்கள் வெற்று இருக்கையின் மேல் கிடக்கட்டும். கண்ணாடி மூடியை ஒட்டிய பிறகு அவை பாதிதான் வெளியே தெரியும்.