பிந்தி வந்த கடிதம்

யாழ்ப்பாணத்தில் மழை ஐப்பசியில் தொடங்கித் தையில் ஓயும். காய்ச்சலும் அந்த மாதங்களில்தான் வரும். 2023 மார்கழியில் குடாநாட்டில் டெங்கு பரவியபோது அது வராத ஒழுங்கையைத் தேடவேண்டியிருந்தது. காய்ச்சல் மாறியது, வாய்க்கசப்புப் போய்ச் சோறு இறங்கத் தொடங்கியது, பொங்கலும் கழிந்தது. எல்லாம் முடிந்தது என்று ஆறியிருந்த பங்குனியில், தலை இழுக்கும்போது சீப்போடு கற்றையாக முடி வந்தது. முழுகினால் கிணற்றடியில் ஒரு பந்து. தலையணையில், சட்டைத் தோளில், குசினித் தரையில்.

டெங்குக்குப் பிறகு பலருக்கு இப்படி நேர்கிறது. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகும், பெரிய சத்திரசிகிச்சைக்குப் பிறகும், வீட்டில் ஒரு சாவுக்குப் பிறகும், சாப்பாட்டைக் கடுமையாகக் குறைத்த பிறகும் நேரும். பிள்ளை தாயின் முகம் பார்க்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்று கிழவிகள் சொல்வார்கள். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. பிள்ளை முகம் பார்ப்பது மூன்றாம் மாதமளவில்.

தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் மயிர் உண்டு. அவற்றில் பத்தில் ஒன்பது பங்கு எந்த நேரமும் வளர்ந்துகொண்டிருக்கும். மீதி ஓய்வில் கிடக்கும். அந்த ஓய்வு மூன்று மாதமளவு நீடிக்கும். அது தீர மயிர் தானாகக் கழன்றுவிடும். நாளுக்கு 50 முதல் 100 வரை இப்படி விழுவது எல்லோருக்கும் உள்ளது. உடம்பு ஒரு பெரிய அதிர்ச்சியைச் சந்தித்தால், வளர்ந்துகொண்டிருந்தவற்றிலும் ஒரு பெருந்தொகை ஒரேயடியாக ஓய்வுக்குப் போய்விடுகிறது. உயிரைப் பிடித்து வைத்திருக்கும் வேலையில் இருக்கிற உடம்பு, முடி வளர்க்கும் வேலையை ஒத்திவைக்கிறது. ஓய்வுக்குப் போனவையோ உடனே விழுவதில்லை. தங்கள் மூன்று மாதத்தை இருந்து தீர்த்துவிட்டே விழுகின்றன.

போர்க்காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த கடிதங்களை நினைத்துக்கொள்கிறேன். மகனுக்குக் கடுங்காய்ச்சல் என்று ஒரு வரி இருக்கும். வாசித்த தாய் அன்று இரவு நித்திரை கொள்ளமாட்டாள், நல்லூருக்கு நேர்ந்துகொள்வாள். கடிதம் எழுதப்பட்டு மாதக்கணக்காகியிருக்கும். அவன் சுகமாகி வேலைக்குப் போய்க்கொண்டிருப்பான். செய்தி பொய்யில்லை, தாயின் பதற்றமும் பொய்யில்லை. பதற்றத்துக்குரிய நாள்தான் கடந்துபோய்விட்டது. சீப்பில் வருகிற முடியும் அப்படிப் பிந்தி வந்த ஒரு செய்தி.

நல்லூர்த் தேரடியில் கந்தல் உடுத்து இருந்த செல்லப்பா சுவாமிகளை ஊரார் விசரர் என்றார்கள். அவர் விட்டுச்சென்ற மகாவாக்கியங்கள் என்று யாழ்ப்பாணத்தார் போற்றும் நான்கில் ஒன்று, எப்பவோ முடிந்த காரியம் என்பது. அவருடைய சீடர் யோகர் சுவாமிகள் வாயிலாக அது இந்த மண்ணின் வீட்டுப் பேச்சாகவே ஆகிவிட்டது. சுவாமிகள் மயிரைப் பற்றிச் சொல்லவில்லை. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பெரிய வாக்கை இழுப்பதா என்று கேட்பவர்களும் இருப்பார்கள். ஆனால் பெரிய வாக்குகள் பயன்படுகிற இடம் பெரும்பாலும் சின்ன விஷயங்கள்தாம். கண்ணாடிக்கு முன்னால், கையில் ஒரு கற்றையோடு, நெஞ்சு அடித்துக்கொள்ள நிற்கும்போது, இது இன்றைக்கு நடக்கிறதல்ல, மார்கழியில் நடந்து முடிந்தது என்று மனம் உணர்ந்தால் மூச்சு ஒருமுறை நீளமாக இறங்கும். வேண்டியது அந்த ஒரு மூச்சுத்தான்.

அதன்பின் ஒரு கேள்வி எழும்: மூன்று மாதத்துக்கு முன் என்மேல் என்ன கடந்துபோனது? நாம் எதையும் கடக்கும்போது பார்ப்பதில்லை. சாவு வீட்டில் தேத்தண்ணி ஊற்றியவளும், அந்தியேட்டிக்குச் சாமான் வாங்கி அலைந்தவளும் தனக்கு ஒன்றுமில்லை என்றுதான் அன்று சொல்லியிருப்பாள். உடம்பு எழுதி வைத்துக்கொள்கிறது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்துச் சனம் போரால் இடம்பெயர்ந்து, கொட்டும் மழையில் செம்மணி வெளி தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தது. அதற்கு மூன்று மாதம் கூட்டினால் தைக் கடைசி. அந்தத் தையில் சாவகச்சேரிப் பக்கத்துக் கொட்டில்களில் தலை இழுத்த பெண்களுக்கும் முடி கழன்றிருக்க வேண்டும். அதைக் கவனிக்க யாருக்கு அவகாசம்? அடுத்த நேரச் சோறு எங்கே என்றிருந்த நாள்கள். இன்று ஒரு பெண் தன் முடியை எண்ணிக் கவலைப்படுகிறாள் என்றால், கவலைப்பட அவளுக்கு ஒரு சாவகாசம் கிடைத்திருக்கிறது. அதை நான் குறைவாகச் சொல்லவில்லை.

எல்லா இழப்பும் பழையதல்ல என்பதையும் சொல்லவேண்டும். விழுந்த முடியை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு நுனியில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருந்தால் அது வேரோடு தானாகக் கழன்றது. குமிழ் இல்லாமல், ஒரு முழம் இருக்கவேண்டியது சாணாக வந்தால் அது நடுவில் முறிந்தது. முதலாவது முன்பு நடந்ததன் பலன். இரண்டாவது இப்போது நம் கை செய்வது. சைவ சித்தாந்தம் பிராரத்தம் என்றும் ஆகாமியம் என்றும் வகுத்ததைப் பண்டிதர்கள் இதைவிட நுட்பமாக விளக்குவார்கள். என் அறிவுக்கு ஒரு மயிரின் நுனியில் இவ்வளவு தெரிகிறது. வந்து சேர்ந்ததை இருந்து அனுபவிக்கலாம். புதிதாகச் சேர்ப்பதை நிறுத்தலாம். இரண்டையும் குழப்பிக்கொள்ளும்போதுதான் துன்பம் இரட்டிக்கிறது. கழன்றதற்கு எண்ணெய் எண்ணெயாக மாற்றுகிறோம், முறிகிறதை விதி என்று விட்டுவிடுகிறோம்.

முறிவதற்கு இங்கே காரணம் கண்முன்னால் இருக்கிறது. குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை, குடிப்பதும் குளிப்பதும் பெரும்பாலும் கிணற்றுத் தண்ணீர்தான். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறது அந்தச் சுண்ணாம்பு. சவர்க்காரத்தோடு சேர்ந்தால் அது முடியிலும் படியும். முடி சொரசொரக்கும், சிக்குப் பிடிக்கும். முன்னையவர்கள் சவர்க்காரத்தைத் தலைக்குக் கொண்டுபோகவில்லை. சீயாக்காயும் வெந்தயமும் தேசிக்காயும் அவித்து அரைத்து முழுகினார்கள், செவ்வரத்தம் இலையைக் கசக்கி வைத்தார்கள். தேசிக்காயின் புளிப்புச் சுண்ணாம்புப் படிவைக் கரைக்கும். கடைசி வாளித் தண்ணீரில் கொஞ்சம் தேசிக்காய்ச் சாறு விட்டு ஊற்றுவது இன்றைக்கும் நல்லது. இதெல்லாம் முடியின் தண்டுக்குத்தான் உதவும். வேரில் மூன்று மாதம் முன் நடந்ததை எந்த எண்ணெயும் போய் மாற்றாது.

ஈரமுடி எளிதில் அறும். துவாயால் முறுக்கிப் பிழிந்து, காயமுன் சீப்பைப் போட்டு உச்சியிலிருந்து இழுப்பவர்கள் ஒரு நாளில் முறிக்கிறதைக் காய்ச்சல்கூட முறிக்காது. இறுக்கக் கட்டும் கொண்டையும் அப்படியே. பேர்த்தியை விறாந்தைப் படியில் இருத்தித் தலை இழுத்துவிடும் அம்மம்மாக்களின் கையைப் பாருங்கள். அகலப் பல் சீப்பு. நுனியில் தொடங்கி, சிக்கை விரலால் பிரித்து, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறுவார்கள். வேர் இழுபடாதபடி மற்றக் கை நடுவில் பிடித்திருக்கும். கதை நடக்கும், வாயில் தேவாரம் ஓடும், கை அவசரப்படாது. பூசைக்கு இருக்கும்போது வராத ஒருமை அந்தக் கையில் இருக்கிறது. முடி மெலிந்த பெண்கள் முதலில் விலக்கிவிடுவது இந்தத் தொடுகையைத்தான். வேண்டாம் அம்மம்மா, நானே இழுக்கிறேன் என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். தலையை யாருக்கும் கொடுக்காமல் இருப்பது, முடி போவதைவிடப் பெரிய இழப்பு என்று எனக்குப் படுகிறது.

கதவைச் சாத்த வைப்பதும் நாங்கள்தான். கலியாண வீட்டில், "என்ன பிள்ளை, முடியெல்லாம் கொட்டிப்போச்சு, வருத்தமோ?" என்று பந்திக்கே கேட்க விசாரிக்கும் மாமிமார் ஒருபுறம். "மயிர்தானே, உயிரோ போகுது" என்று ஞானம் பேசுவோர் மறுபுறம். இரண்டாவது கூட்டத்தின் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். உருவம் மாயை என்று சொல்வது, உருவம் குலையாதவர்களுக்கு மிகவும் இலகு.

எங்கள் ஊர்க் கதை அப்படிச் சொல்லவில்லை. மாருதப்புரவீகவல்லி என்ற சோழ இளவரசிக்குக் குதிரை முகம் இருந்தது. அவள் கடல் கடந்து வந்து கீரிமலையில் தீர்த்தமாடி முகம் திரும்பப் பெற்றாள், பிறகு மாவிட்டபுரத்தில் கந்தசுவாமிக்குக் கோயில் எடுத்தாள் என்பது ஐதிகம். யாழ்ப்பாண வைபவமாலை அதைச் சொல்கிறது. அதே தீர்த்தத்தில்தான் கீரிமுகம் கொண்ட நகுல முனிவருக்கும் முகம் மாறியது. முகம் வேண்டும் என்று வந்த பெண்ணை அங்கே யாரும் கடிந்துகொள்ளவில்லை. உடம்பின் மேல் பற்றை விடு, பிறகு வா என்று தீர்த்தம் கேட்கவுமில்லை. அவளைக் குளிக்க விட்டது. யோகர் சுவாமிகள் 1872இல் பிறந்ததும் அந்த மாவிட்டபுரத்தில்தான்.

கீரிமலைக்கு இன்றைக்கும் போகலாம். மழைத்தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, நிலத்தடியால் வந்து, கடல் விளிம்பில் ஊற்றாக எழும் இடம். பெண்களுக்குச் சுவர் சூழ்ந்த தனிக் கேணி உண்டு. அங்கே முழுகினால் முடி வளரும் என்று நான் சொல்லமாட்டேன். மூழ்கி எழும் பெண்கள் எல்லோருடைய தலையும் அங்கே ஒன்றுபோலத்தான் இருக்கும்: ஈரத்தில் ஒட்டி, மண்டையின் வடிவம் தெரிய. அடர்த்தியான கூந்தல்காரியும் மெலிந்தவளும் அந்த ஒரு கணம் ஒரே மாதிரி.

கீரிமலைக்குப் போகும் காங்கேசன்துறை வீதியில் தெல்லிப்பழை வரும். அங்கே துர்க்கை அம்மன் கோயில் இருக்கிறது, புற்றுநோய் வைத்தியசாலையும் இருக்கிறது. 2011இல் நாட்டின் தென்முனையிலிருந்து பருத்தித்துறை வரை பலர் நடந்து திரட்டிய நிதியில் எழுந்தது அது. புற்றுநோய்க்கு ஏற்றும் மருந்து வளரும் மயிரையே நேராகத் தாக்குவதால் மூன்று மாதம் காத்திருப்பதில்லை. இரண்டு மூன்று கிழமைகளில் தலை வெறுமையாகிவிடலாம். அங்கே போய், எப்பவோ முடிந்த காரியம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அங்கே படுத்திருப்பவர்களுக்குக் காரியம் இப்போதுதான் நடக்கிறது. நான் மேலே சொன்ன ஆறுதல் அந்த வாசலில் நின்றுவிடும். முருகன் கோயில்களில் நேர்த்திக்கு முடி இறக்குகிறவர் நானே கொடுத்தேன் என்று சொல்லலாம். எடுத்துக்கொள்ளப்பட்டவரிடம் அதையும் காணிக்கையாக நினை என்று சொல்ல மற்றவருக்கு உரிமையில்லை. அவராகவே நினைத்தால் அது வேறு.

எல்லாவற்றையும் காய்ச்சலின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. வட்டமாக ஒரு இடத்தில் மட்டும் கொட்டினால், ஆறு மாதம் கடந்தும் நிற்காவிட்டால், களைப்பும் மூச்சிரைப்பும் கூட இருந்தால், வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும். இரத்தசோகையும் தைரொயிட் கோளாறும் முடியில்தான் முதலில் முகம் காட்டுவதுண்டு. வெள்ளி, சதுர்த்தி, சஷ்டி என்று எல்லா விரதமும் பிடித்து, மற்ற நாள்களிலும் மிஞ்சியதைச் சாப்பிடும் எங்கள் பெண்களுக்கு உழுந்தும் பயறும் எள்ளும் கீரையும் யார் கொடுப்பது? பெரியபிள்ளையான பெட்டைக்கு உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் ஊட்டி ஊட்டிக் கொடுத்த வீடு, அவள் தாயான பிறகு அதை மறந்துவிடுகிறது. விரதம் பிடிப்பதென்றால் முருகனிடம் கேட்டுக்கொண்டு கொஞ்ச நாள் அதற்கும் விடுமுறை விடலாம். அவர் ஒன்றும் கோபிக்கப்போவதில்லை.

பழைய மயிர் கழலும்போது அநேகமாக அதே குழியில் புதியது தொடங்கியிருக்கும். பழையதை வெளியே தள்ளுவதில் அதற்கும் பங்குண்டு. நாலைந்து மாதத்தில் நெற்றி ஓரத்திலும் வகிட்டிலும் குட்டை குட்டையாக முடி குத்திட்டு நிற்கத் தொடங்கும். பலர் இதைப் பார்த்துத்தான் இரண்டாம் முறை கலங்குகிறார்கள்: இனி உடையவும் தொடங்கிவிட்டது என்று. எண்ணெயைத் தடவி அமுக்கிப் படிய வைக்கிறார்கள். ஒன்றை விரலில் பிடித்து நுனியைப் பார்த்தால் போதும். முறிந்த முடியின் நுனி மழுங்கலாக, வெட்டினாற்போல இருக்கும். புதிதாக முளைத்ததன் நுனி மெலிந்து கூராக முடியும். அது மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றர்தான் வளரும். தோளைத் தொட இரண்டு மூன்று வருடம் செல்லும். அதுவரைக்கும் கொண்டை கொஞ்சம் சின்னதாகவே இருக்கும்.