வேட்டை நூல்களும் கொல்லாமை நோன்பும்

கொல்லாமையை நோன்பாக ஏற்ற ஒருவர் வேட்டைச் செய்தி நிறைந்த நூலை விரும்பிப் படித்தல் தகுமோ? ஒருமுறை படித்ததோடு அமையாது, ஆண்டுகள் கழிந்தபின் அதனையே மீட்டும் எடுத்துப் படிப்பாராயின், அவ்விருப்பம் எதனைப் பற்றியது? மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றானும் வினை ஈட்டப்படும் என்று துணிந்த நமக்கு இவ்வினாச் சிறியதாகாது. செய்தலும் செய்வித்தலும் போலவே உடன்படுதலும் வினையே. கையாற் கொல்லாதான், ஏட்டிற் கண்ட கொலையை நெஞ்சால் நுகர்வானாயின், அவன் நோன்பு எவ்வளவினது என்பது ஆராயத்தக்கது.

ஆராய்ச்சிக்கு யாம் எடுத்துக்கொள்வன ஜிம் கார்பெட் எழுதியவை. இவர் ஐரிஷ் மரபினர்; 1875-இல் நைனிடாலிற் பிறந்து, இமயத்தின் அடிவாரக் காடுகளில் வளர்ந்து, 1947-இல் இந்நாடு நீங்கி, 1955-இல் கெனியாவில் இறந்தவர். இவர் பெயரை எங்கும் பரப்பிய நூல் 1944-இல் வெளிவந்தது, அதனைத் தி. ஜ. ர. 'குமாயுன் புலிகள்' எனத் தமிழாக்கினார். ருத்திரப்பிரயாகைச் சிறுத்தையைப் பற்றிய நூலும், 1954-இல் வெளிவந்த கோயிற்புலி நூலும் அதன்பின் வந்தன. இவற்றைப் படித்தாருட் பலர் மீண்டும் படிப்பர். அங்ஙனம் மீண்டும் படித்தலே எம் வினாவிற்குத் திறவுகோல் என்று கருதுகின்றோம்.

என்னை? முதன்முறை படிப்பார்க்கு அடுத்து நிகழ்வது யாது என்னும் அவா ஒன்றே முற்பட்டு நிற்கும். புலி வீழுமோ, மனிதன் வீழ்வனோ என்று நெஞ்சு துடிக்கும். முடிவறிந்து படிப்பார்க்கு அவ்வவா இல்லை. புலி வீழும் என்பதும், எந்தப் பாறையருகே வீழும் என்பதும் முன்னரே தெரியும். அவ்வவா நீங்கியபின் எஞ்சி நின்று இன்பந் தருவது எதுவோ, அதுவே அந்நூலில் நாம் மெய்யாகப் பற்றியிருந்த பொருள். கேட்டலின்பின் சிந்தித்தலை வைத்த நம் ஆன்றோர் முறை சாத்திரங்களுக்கே உரியதெனினும், ஏனைய நூல்களிடத்தும் ஓரளவு செல்லும்.

ருத்திரப்பிரயாகை வரலாற்றை நோக்குவோம். மந்தாகினியும் அளகநந்தையும் கூடும் இடம் அது. மந்தாகினிக் கரையே சென்றால் கேதாரம். அளகநந்தைக் கரையே சென்றால் பதரி. திருஞானசம்பந்தர் காளத்தியை வணங்கியிருந்த காலத்து அங்கிருந்தே பாடியருளிய வடநாட்டுத் தலங்களுள் திருக்கேதாரமும் ஒன்றாதலின், அவ்வழி நமக்கு அயல்வழியன்று. 1918 முதல் 1926 வரை எட்டாண்டுகள் அவ்வழியில் ஒரு சிறுத்தை 125 பேரைக் கொன்றது. அடியார்கள் கால்நடையாகவே சென்ற காலம் அது. பொழுது சாய்ந்தபின் வழியில் ஒருவருமில்லை. ஊர்களிற் கதவு திறப்பாருமில்லை.

அச்சிறுத்தை ஆட்கொல்லியானது எங்ஙனம்? கார்பெட் கூறும் காரணத்தை முதற்படிப்பில் எவரும் விரைந்து கடந்துவிடுவர். இரண்டாம் படிப்பில் அது நெஞ்சை நிறுத்திவிடும். மலைவாழ் மக்கள் இறந்தாரை ஆற்றங்கரைக்குக் கொண்டுசென்று எரிப்பது வழக்கம். கொள்ளைநோய் வந்து, எரிப்பாரினும் இறப்பார் மிகுங்கால், பிணத்தின் வாயில் ஒரு நெருப்புத்துண்டை இட்டுச் சடங்கை முடித்துப் பள்ளத்தாக்கில் உருட்டிவிடுவர். 1918-இல் இன்புளுயன்சா என்னும் நச்சுக்காய்ச்சல் பரவியபோது அவ்வாறே நிகழ்ந்தது. செத்தவற்றைத் தின்னும் இயல்புடைய சிறுத்தை அவ்வூனைச் சுவைத்தது. நோய் தணிந்தது, பிணங்கள் வருதல் நின்றது, சுவை நிற்கவில்லை. ஈண்டுக் குற்றம் யார்மேலது? நோயால் நலிந்த ஏழை மக்களைப் பழித்தல் அறமாகாது. விலங்கைப் பழித்தலும் பொருந்தாது. அது தன் உடம்பு நிலைபெற உண்டது, அவ்வளவே. சம்பாவத்தில் 1907-இல் சுடப்பட்ட பெண்புலி கொன்ற தொகை 436 என்பர். அதன் வலப்பக்கத்துக் கோரைப்பற்கள் மேலுங் கீழும் முன்னொரு துப்பாக்கிக் குண்டால் உடைந்திருந்தன. முக்தேசரத்துப் புலி முள்ளம்பன்றியோடு பொருது ஒரு கண்ணிழந்து, காலில் முட்கள் தைத்துப் புண்பட்டது. கொடியதென நாம் அஞ்சும் ஒவ்வொன்றன் பின்னும் ஒரு புண்ணாவது ஒரு பசியாவது இருத்தலை இந்நூல்கள் மறையாது கூறுகின்றன. வினைத்தொடர்ச்சி என்பதைக் கார்பெட் கற்றவரல்லர்; ஆயினும் அத்தொடர்ச்சியின் ஒரு கண்ணியைக் கண்ணாற் கண்டு எழுதியிருக்கின்றார்.

1926 மே மாதத்து இரவில், கோலாப்ராய் என்னும் அடியார் தங்குமிடத்தருகே ஒரு மாமரத்தின்மீது அவர் காத்திருந்தார். கீழே ஓர் ஆடு கட்டப்பட்டிருந்தது; அதன் கழுத்தில் ஒரு மணி. இருளில் மணி ஒலித்தவுடன் விளக்கைப் பாய்ச்சிச் சுட்டார். முதன்முறை படிப்பார் சிறுத்தையையே நினைப்பர். மீண்டும் படிப்பார் செவியில் அம்மணி வேறுவகையாக ஒலிக்கும். அவ்வாடு பிழைத்தது, ஆனால் பிற வேட்டைகளிற் கட்டப்பட்ட எருமைக்கன்றுகள் பல பிழைக்கவில்லை. அவற்றைக் குறித்து நூலாசிரியர் மிகுதியாக வருந்தினாரல்லர். படிக்கும் நாமேனும் அவ்விடத்திற் சற்று நிற்றல் வேண்டும்.

இனி, பலரைக் காத்தற்பொருட்டு ஒன்றைக் கொல்லுதல் மறக்கருணையன்றோ எனின், அச்சொல்லை எளிதின் வழங்குதல் கூடாது. மறக்கருணை மலமற்ற இறைவற்கே முழுதும் உரியது. ஆணவத்தொடு நிற்கும் உயிர், 'யான் கருணையாற் கொல்கின்றேன்' என்று சொல்லத் தொடங்கின் அதற்கு எல்லை இராது. கார்பெட் அங்ஙனம் சொல்லவில்லை என்பது அவர்க்குச் சிறப்பு. சம்பாவத்துப் புலிமேற் செல்லுமுன் அவர் இரண்டு வேண்டினார்: புலியின் தலைக்கு விதித்த பரிசை அரசு நீக்கவேண்டும், வேறு வேட்டைக்காரரைத் திரும்ப அழைத்துக்கொள்ளவேண்டும். கூலிக்குக் கொல்பவன் என்னும் பெயரை அவர் விரும்பவில்லை. ருத்திரப்பிரயாகையிற் சிறுத்தை வீழ்ந்தபின்னும் அவர் வெற்றி முழக்கம் செய்யவில்லை; மயிர் நரைத்த ஒரு கிழ விலங்கையே அவர் அங்குக் கண்டார்; அது உயிர்வாழ வேண்டியே கொன்றது என்றும் எழுதினார். பாசத்தாற் கட்டுண்ட பசு என்னும் வகையில் நம்மோடு ஒருநிகரான உயிர் அது என்பதைச் சைவர் இப்பகுதியினும் தெளிவாக வேறெங்கும் காண்டல் அரிது.

இவரை யாம் முழுதும் ஏற்கின்றோமல்லோம். பவல்கடத்தில் 1930-இல் ஒரு பெரும்புலியைச் சுட்டார். அது ஒருவரையும் கொன்றதன்று. அதன் பேருருவமே அதற்குக் கூற்றாயிற்று. பலர் பத்தாண்டுகள் அதனை நாடித் திரிந்தனர். வீழ்த்தியபின் நாடாவால் அளந்து நீளங் கண்டனர். இக்கதை மிக நன்றாக எழுதப்பட்டுள்ளது, அதனாலேயே அஞ்சத்தக்கது. ஆட்கொல்லியின் கதையில் ஊரார் அழுகுரல் நமக்கு ஒரு சமாதானம் தருகின்றது. ஈண்டு அச்சமாதானம் இல்லை. இதனையும் அதே விருப்பத்தோடு படிப்போமாயின், நாம் பற்றியது கொலையையே என்பது வெளிப்படும். மீட்டும் படிக்குங்கால் இக்கதையில் மனம் சுருங்குமாயின், நோன்பு இன்னும் உயிரோடிருக்கின்றது.

'கண்ணப்பர் புராணத்தில் வேட்டை விரித்துரைக்கப்படவில்லையோ? அதனை நாளும் ஓதுகின்றோமே' என்று சில அன்பர் வினவுவர். கார்பெட்டை நாயனாரோடு ஒப்பவைத்தல் எம் கருத்தன்று. ஆயினும் அவ்வினா நன்று. சேக்கிழார் வேட்டையைச் சுருக்கவில்லை. நாய்களும் வலைகளும் பறைகளும் அங்கு உள. அத்தனை மறத்தின் நடுவே, அவ்வேடர் யானைக்கன்றைத் தொடரார், குட்டிகளைக் கொல்லார், கருவுற்ற பிணையை வருத்தார் என்று ஒரு வரம்பு காட்டிச் செல்கின்றார். வலையறுத்தோடிய பன்றியின்பின் ஓடியே திண்ணனார் காளத்தி மலையைக் காண்கின்றார். வேட்டை அவரைக் கொண்டுசென்று விட்ட இடம், வேட்டையை மறக்கும் இடமாயிற்று. அதனை ஓதுவார் பன்றி வீழ்ந்தமைக்காக ஓதுவதில்லை. ஓதுந்தோறும் பன்றி சிறிதாகி மலை பெரிதாகின்றது.

இங்ஙனம் ஒன்று சிறிதாக மற்றொன்று பெரிதாதல் நம் சித்தாந்தத்திற்கு இயைந்ததே. உயிர் சார்ந்ததன் வண்ணமாவது. படிக்கின்ற நாழிகையில் அது நூலிற் சார்ந்த பொருளின் நிறத்தைப் பெறும். துப்பாக்கியைச் சார்ந்தால் ஒரு நிறம். காட்டைச் சார்ந்தால் வேறு நிறம். கார்பெட் நூல்களில் எமக்கு எஞ்சுவது காடே. கடமான் ஒருமுறை குரல் கொடுப்பதற்கும் தொடர்ந்து கொடுப்பதற்கும் உள்ள வேற்றுமை, முசு மரவுச்சியிலிருந்து கூவி எச்சரித்தல், அடிச்சுவட்டில் மண் இன்னும் உதிர்ந்துகொண்டிருப்பதால் விலங்கு அண்மையிற் சென்றதென்று அறிதல் — இவை எத்தனை முறை படிப்பினும் தேய்வதில்லை. தன்னை மறந்து பிறிதொன்றன்மேல் வைக்கும் இத்துணைக் கூர்ந்த நோக்கு, சிவபூசையில் அமர்ந்திருக்கும் எமக்கு எத்தனை நாள் வாய்க்கின்றது என்று எண்ணி யாம் நாணியதுண்டு.

இந்நோக்கே பின்னாளில் அவர் கையிலிருந்த கருவியையும் மாற்றிற்று. சாம்பியன் என்பார் காட்டிற் புலிகளைப் புகைப்படம் எடுத்துக் காட்டியபின், கார்பெட்டும் படப்பெட்டியைப் பெரிதும் விரும்பினார். 1936-இல் அமைந்த தேசியப் பூங்காவிற்கு அவர் இறந்தபின் அவர் பெயரே இடப்பட்டது. புலிகாக்கும் திட்டம் 1973-இல் தொடங்கப்பட்டதும் அங்கேதான். 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்தபின் விளையாட்டு வேட்டைக்கு இந்நாட்டில் இடமில்லை. ஆதலின் இன்று இந்நூல்களைப் படித்துத் துப்பாக்கி எடுப்பாரில்லை. வினா முழுதும் நெஞ்சைப் பற்றியதாகவே நிற்கின்றது.

தாபிதுராவில் ஒரு கோயிற் பூசகர், 'நீர் சுடலாம். ஆனால் இப்புலியை நீரும் கொல்லமாட்டீர், பிறரும் கொல்லமாட்டார்' என்னும் கருத்துப்படக் கூறினார். கார்பெட் பன்முறை முயன்றும் அவ்வாறே ஆயிற்று. தம் தோல்வியை அவர் நகையோடு எழுதியுள்ளார். யாம் அடிக்கடி எடுத்துப் படிப்பது இக்கதை.

பிறிதொன்றும் உண்டு. சௌகட்டுப் பெண்புலியைத் தேடி 1930-இல் அவர் ஒரு வறண்ட ஓடைவழியே இறங்கினார். இராக்காலத்துத் திரியும் பக்கி என்னும் பறவையின் இரண்டு முட்டைகள் அங்குக் கிடந்தன. வடிவம் புதுமையாயிருத்தலின் சேர்த்துவைக்கவென்று எடுத்து இடக்கையில் ஏந்தியிருந்தார். ஒரு பாறையைக் கடந்து திரும்பியபோது, மிக அண்மையில், புலி அவர் முகத்தையே நோக்கிப் படுத்திருந்தது. முட்டை ஏந்திய கை அசையவில்லை. மற்றைக் கை மெல்லத் துப்பாக்கியைத் திருப்பிச் சுட்டது. புலி இறந்தபின் அவர் அம்முட்டைகளைக் கொண்டுபோகவில்லை. எடுத்த இடத்திற்கே மீண்டு சென்று, அச்சிறு குழியில் வைத்தார். அரை மணி நேரங் கழித்து அவ்வழியே வந்தபோது முட்டைகள் காணப்படவில்லை. தாய்ப்பறவை அவற்றின்மேல் அமர்ந்திருந்தது; கல்லின் நிறமும் அதன் நிறமும் ஒன்றாயிருந்தமையின், இடமறிந்த அவர் கண்ணுக்கே அதனைப் பிரித்தறிதல் அரிதாயிற்று.