பெயரற்ற நோயும் பெண்மேல் விழும் பழியும்

ஒருவருக்கு வந்திருக்கும் நோய் இன்னதென்று அறிந்து சொல்வது மருத்துவத்தின் கடமை. அதைச் சொல்லாது விடுவது தொழிற்குறை மட்டுந்தானா, அன்றி அநீதியும் ஆகுமா? தன் நோய்க்குப் பெயர் கேட்கும் உரிமை மனிதருக்கு உண்டா? உண்டெனில், அந்தக் கடனைத் தீர்க்க வேண்டியவர் யார்? மாத்தளை மாவட்டத்தின் தோட்டப்புறங்களை மனத்திற்கொண்டு இக்கேள்விகளை நாம் ஆராய முற்படுகின்றோம்.

1935ஆம் ஆண்டில் சிக்காகோ நகர மருத்துவர்களான ஸ்டெயின், லெவெந்தால் என்னும் இருவர், ஏழு பெண்களிடம் கண்ட ஒரு நோய்நிலையை விவரித்து எழுதினர். பீ.சீ.ஓ.எஸ். என்று பின்னர் வழங்கலான சூலக நோய் அதுவே. மாதவிடாய் ஒழுங்கு தவறும், ஆண்தன்மை தரும் ஹோர்மோன்கள் மிகும், முகத்தில் உரோமமும் பருவும் தோன்றும், கருத்தரிப்புத் தாமதமாகும். சூலகத்தில் நீர்க்கட்டிகள் என்று சொல்லப்படுபவை, முதிராமல் இடைநின்றுபோன சூல்நுண்பைகளே. பிள்ளைபெறும் வயதுடைய பெண்களுள் நூற்றுக்கு 8 முதல் 13 பேருக்கு இந்நோய் இருக்கலாம் என்றும், அவர்களுள் 70 விழுக்காட்டினர் வரை நோய் இன்னதென அறியாமலே வாழ்கின்றனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறியிருக்கிறது. இலங்கையில், கம்பஹா மாவட்டத்தில் நடந்து 2008இல் வெளியான ஆய்வொன்று, 15 முதல் 39 வயது வரையான பெண்களுள் 6.3 விழுக்காட்டினரிடம் இதனைக் கண்டது.

இந்த எண்களை ஏந்திக்கொண்டு இரத்தோட்டைக்கும் உக்குவளைக்கும் எல்கடுவைக்கும் மேலே ஏறுவோம். மன்னாரில் இறங்கித் தம்புள்ளை வழியே காட்டுப் பாதையில் நடந்து மாத்தளையை அடைந்த கூலிகளின் வழிவந்தோர் வாழும் லயங்கள் அவை. அங்கே பத்தொன்பது வயதுப் பெண்ணொருத்திக்கு நான்கு மாதங்களாக மாதவிடாய் இல்லை என்று வைத்துக்கொள்வோம். திருமணமாகாதவளாயின் அவளது ஒழுக்கம் சந்தேகிக்கப்படும். மணமாகி மூன்றாண்டு கடந்தவளாயின் மலடி என்ற சொல் காத்திருக்கும். நோய்க்குப் பெயர் இல்லாத இடத்தில் பழிக்குப் பெயர்கள் பல உண்டு! நோயை அறியாத சமுதாயம் சும்மா இருப்பதில்லை. காரணத்தின் இடத்தில் குற்றத்தை வைத்துவிடுகிறது.

இதற்கு எதிராகச் சில வாதங்கள் எழக்கூடும். இது வசதி படைத்தோரின் நோய், இரத்தச்சோகையோடு கொழுந்து பறிப்பவளுக்கு இதைப்பற்றி என்ன பேச்சு என்பது முதல்வாதம். உண்மை வேறு. பேராசிரியை சந்திரிகா விஜேரத்னவும் அவருடைய சகாக்களும் 2002இல் வெளியிட்ட ஒப்பாய்வு, தெற்காசியப் பெண்களிடம் இந்நோய் இளவயதிலேயே, கடுமையாகவும், இன்சுலின் எதிர்ப்பு மிகுந்தும் வெளிப்படுவதைக் காட்டியது. மெலிந்த உடலிலும் இது குடியிருக்கும். ஏழையின் துன்பங்களை வரிசைப்படுத்தி, முதலாவது தீரும்வரை இரண்டாவதைப் பேசாதே என்பது இரக்கத்தின் வேடம் பூண்ட அலட்சியமே.

முற்றாகக் குணமாகாத நோய்க்குப் பெயர் எதற்கு என்பது இரண்டாவது வாதம். பெயர் தெரிந்தால், பின்னாளில் நீரிழிவு வராமற் காக்க இரத்தச் சர்க்கரையைச் சோதிக்கலாம். நெடுங்காலம் மாதவிடாய் நின்றிருப்பதால் கருப்பையின் உட்சுவர் தடித்து, புற்றுநோய்க்கு இடமாவதைத் தடுக்கலாம். குழந்தை வேண்டுவோருக்குச் சூல் முதிர உதவும் மருந்து உண்டு. இவை யாவற்றுக்கும் மேலாக, இது உன் குற்றமன்று என்று ஒருத்தியிடம் ஆதாரத்தோடு சொல்ல முடியும். அந்த ஒரு வாக்கியம் மருந்துக்குக் குறைந்ததன்று.

ஸ்கேன் கருவியும் ஹோர்மோன் சோதனையும் ஏழை நாட்டுக்கு எட்டுமா என்பது மூன்றாவது வாதம். இங்கேதான் நாம் ஊன்றி நோக்க வேண்டும். 2003இல் ரொட்டர்டாமில் வகுக்கப்பெற்ற அளவுகோலின்படி, மூன்று அடையாளங்களுள் இரண்டு இருந்தாற் போதும். மாதவிடாய் ஒழுங்கின்மையும் ஆண்ஹோர்மோன் மிகுதியின் வெளிப்படையான அறிகுறிகளும் சேர்ந்திருந்து, தைரொயிட் முதலிய பிற காரணங்கள் விலக்கப்பட்டால், வளர்ந்த பெண்ணின் நோயைத் துணிய ஸ்கேன் வேண்டியதில்லை. 2023ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டியும் இதனை உறுதிசெய்கிறது. ஆகவே முதலில் வேண்டப்படுவது விலையுயர்ந்த கருவியன்று. கேள்வி கேட்கும் வாயும், அவளது மொழியில் விடையைக் கேட்கும் செவியுமே. நோயாளியையும் மருத்துவத்தின் நான்கு உறுப்புகளுள் ஒன்றாக எண்ணினார் வள்ளுவர். அந்த உறுப்பு பேசுவதற்கு நாம் இடமளித்திருக்கின்றோமா?

இடமளிக்கவில்லை என்பதே உண்மை. ஒரு நாட் கூலியை இழந்து, பஸ் ஏறி மாத்தளை நகருக்கு இறங்கி வருபவளுக்கு வரிசையில் கிடைப்பவை சில நிமிடங்கள். தோட்ட மருத்துவம் நெடுங்காலம் நிர்வாகங்களின் பொறுப்பில் விடப்பட்டிருந்தது. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு ஏற்கத் தொடங்கியதே 1990களில்தான். 1996இல் தொடங்கிய சுவநாரி சேவை அரியதொரு முயற்சி. ஆனால் அது முதன்மையாக முப்பத்தைந்து வயது எய்தியவளை எதிர்நோக்குகிறது. கர்ப்பிணியைத் தேடிக் குடும்பநல உத்தியோகத்தர் லயத்துக்கே வருகிறார். அதன் பயனாகப் பல உயிர்கள் காக்கப்பட்டன என்பதில் ஐயமில்லை. எனினும் கருவுறாத இளம்பெண் எந்தப் பதிவேட்டில் இருக்கிறாள்? பெண்ணைத் தாயாக மட்டுமே காணப் பழகிய கண்ணுக்கு, அவளுடைய சொந்த உடல் புலப்படுவதில்லை. குடும்பக் கட்டுப்பாட்டுக்கென மணமானவளுக்குக் கொடுக்கப்படும் அதே வகை மாத்திரை இந்நோய்க்கும் மருந்தாகும். ஆனால் மணமாகாதவள் அதனைக் கையில் வைத்திருக்க அஞ்சுகிறாள். மருந்தையே மானக்கேடாக்கும் ஒழுக்கம் எவ்வகை ஒழுக்கம்?

பெயர் சூட்டுவதிலும் ஆபத்து உண்டென்பதை நாம் மறக்கலாகாது. கலியாணச் சந்தையில் அப்பெயர் ஒரு புதிய வடுவாகலாம். உடல் பருமனே உன் பாவம் என்று ஏசும் மருத்துவமும், உரோமம் நீக்கும் பூச்சுகளை விற்கும் வியாபாரமும் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். எனவே பெயர், பெண்ணின் கையில் கொடுக்கப்பட வேண்டிய கருவியாக இருத்தல் வேண்டும். அவள் நெற்றியில் ஒட்டப்படும் சீட்டாகிவிடக் கூடாது. அவளுக்கே முதலில், அவளது தமிழிலேயே, தெளிவாகச் சொல்லப்படுவதுதான் இவ்விரண்டையும் பிரித்தறிய உதவும் அளவுகோல்.

கடனாளிகள் பலர். தமிழில் கேட்டறியும் மருத்துவத்தை மலைக்கு அனுப்புவது அரசின் கடன். மருத்துவத்துக்குப் போகும் நாளின் கூலியைக் காப்பது தொழிற்சங்கங்கள் எழுப்ப வேண்டிய கோரிக்கை. கூலிப் போராட்டத்தில் பெண்ணின் உடலும் ஒரு பொருளே. ஆசிரியர்களாகிய நமக்கும் கடன் உண்டு. பாடநூலில் இனப்பெருக்கத் தொகுதி வரும்போது, வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள் என்று பக்கத்தைப் புரட்டிவிடும் வகுப்பறையிலிருந்தே அந்தப் பத்தொன்பது வயதுப் பெண் வெளியேறியிருக்கிறாள். மூன்று மாதங்களுக்கு மேல் மாதவிடாய் வராதிருந்தால் மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்ற ஒரு செய்தியை அவள் அங்கே கேட்டிருக்கலாம். அதைச் சொல்லக் கருவி வேண்டாம், காசும் வேண்டாம். கூச்சத்தை விடும் துணிவு ஒன்றே வேண்டும்.