ஏவியவர் யார்?

1988 ஜூலை 6 இரவு, ஸ்காட்லாந்துக்கு அப்பால் வட கடலில் நின்ற பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை எரிந்து 167 பேர் இறந்தார்கள். ஆலைகளில் வேலை ஏவும் பொறுப்பைக் கணினியிடம் கொடுக்கச் சொல்பவர்களுக்கு இதைவிட வலுவான சான்று கிடைக்காது. அங்கே இரண்டு கண்டென்சேட் பம்புகள் இருந்தன. பகலில் ‘ஏ’ பம்பின் அழுத்தக் காப்பு வால்வைக் கழற்றியவர்கள், மாலைக்குள் திரும்பப் பொருத்த முடியாமல், குழாயின் வாயை ஒரு தட்டு ஃபிளாஞ்சால் மூடிவிட்டுப் போனார்கள். பம்பின் பராமரிப்புக்கு ஒரு பெர்மிட், அதாவது வேலைக்கான அனுமதிச் சீட்டு, வால்வுக்கு இன்னொன்று. இரவு 9.45 அளவில் ‘பி’ பம்பு நின்றுபோனபோது ஷிப்டில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது முதல் பெர்மிட் மட்டும்தான். அந்தப் பராமரிப்பு இன்னும் தொடங்கவில்லை, ஆகவே ‘ஏ’ பம்பை ஓட்டலாம் என்று முடிவுசெய்தார்கள். வால்வு கழன்ற இடமோ பம்பருகே நிற்பவர் கண்ணில் படாத உயரத்தில் இருந்தது. தட்டு இறுகவில்லை, வாயு கசிந்து, பத்து மணிக்கு முதல் வெடிப்பு. இன்று வேலை ஏவும் கணினியின் டேப்லெட்டில் ‘ஏ’ பம்பு என்று தொட்டதுமே இரண்டு பெர்மிட்டும் சேர்ந்து வந்து நிற்கும். இந்த நன்மையை மறுக்கவே கூடாது. காகிதம் தொலையும், ஷிப்ட் மாறுகிற அவசரத்தில் சொல்ல வேண்டியது விட்டுப்போகும்.

ஆனால் அதே இரவில் இன்னொன்றும் நடந்தது. குழாய்களால் பைப்பருடன் இணைந்திருந்த கிளேமோர், டார்ட்டன் மேடைகள் நெருப்பு பற்றித் தெரிந்த பிறகும் எண்ணெயையும் வாயுவையும் அனுப்பிக்கொண்டிருந்தன. உற்பத்தியைத் தாங்களே நிறுத்தலாமா என்ற தயக்கம். கரையிலிருந்து ஒரு சொல் வரட்டும் என்ற காத்திருப்பு. பைப்பரிலேயே பலர் தங்கும் பகுதியில் கூடி, வெளியேறச் சொல்லும் உத்தரவுக்காகக் காத்திருந்தார்கள். உத்தரவு வரவேயில்லை. புகை வந்தது. பிழைத்த 61 பேரில் பலர் தாமாக முடிவெடுத்துக் கடலில் இறங்கியவர்கள். ஆக, ஒரே விபத்தில் இரண்டு கேடுகள்: செய்தி போய்ச் சேராதது ஒன்று, செய்தி வராமல் அசைய முடியாதது இன்னொன்று. முதலாவதற்குக் கணினி நல்ல மருந்து. இரண்டாவதை அது வளர்க்கக்கூடும் என்பதுதான் என் அச்சம். நாள் முழுக்க ஏவப்பட்டே பழகிய மனிதரிடம், ஏவல் நின்றுபோகும் நொடியில் தீர்ப்பு எங்கிருந்து வரும்?

இந்தக் கேள்வி கணினிக்கு முந்தியது. 1911இல் வெளியான தன் நூலில் ஃபிரெடரிக் டெய்லர், பெத்லஹெம் எஃகு ஆலையின் ஏற்பாட்டைப் பெருமையுடன் விவரிக்கிறார். காலையில் ஒவ்வொரு தொழிலாளியும் தன் பெட்டியிலிருந்து இரண்டு சீட்டுகளை எடுத்துக்கொள்வார். எந்தக் கருவியுடன் எங்கே போக வேண்டும் என்று ஒன்று சொல்லும். நேற்று எப்படி வேலை செய்தார் என்று மற்றது சொல்லும். குறைவாகச் செய்திருந்தால் மஞ்சள் சீட்டு. பலருக்குப் படிக்கத் தெரியாது, நிறமே போதுமாயிருந்தது. இன்று இடுப்பில் அதிரும் கருவி அந்தச் சீட்டின் வழித்தோன்றல். அப்படி ஏவப்படுபவரின் உள்ளே என்ன நடக்கிறது என்று தத்துவ ஆசிரியை சிமோன் வெய்ல் பட்டறிந்தார். 1934 டிசம்பரில் பாரிஸின் ஆல்ஸ்தோம் ஆலையில் சேர்ந்து, பிறகு ரெனோவிலும் வேலைசெய்த அவருக்கு உடல் களைப்பைவிட வலித்தது, எந்த நொடியிலும் எந்தக் கட்டளையும் வரலாம் என்ற நிலைதான். அந்நிலையில் சிந்திப்பதே வேதனையாகிவிடுவதால் மனம் சிந்திப்பதை விட்டுவிடுகிறது என்றார். கவனத்தை வழிபாட்டுக்கு நிகராக வைத்த ஒருவர் சொல்வதால் இதைச் சாதாரணக் குறையாக எண்ண முடியவில்லை. ரவுண்ட்ஸ் போகும் நல்ல ஆப்பரேட்டர் ஒரு பம்பருகே காரணமில்லாமல் நிற்பார். பேரிங் சத்தம் நேற்றுப்போல இல்லை என்று அவர் காதுக்குத் தெரியும். அந்த நிற்றல் எந்தப் பணிப் பட்டியலிலும் இல்லை. அடுத்த ஐந்து வேலைகள் திரையில் வரிசைகட்டி, பக்கத்திலேயே நிமிடமும் ஓடினால், அவர் கவனம் இயந்திரத்தை விட்டுத் திரைக்குப் போய்விடும்.

கங்காணியின் ஏச்சும் ஓரவஞ்சனையும் தெரியாதா, கணினியாவது ஆள் பார்க்காதே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வேண்டியவனுக்கு நிழலும் வேண்டாதவனுக்கு வெயிலும் ஒதுக்கிய மேஸ்திரிகளிடம் அல்லல்பட்டவர்களுக்கு இது உண்மையான விடுதலை. என்றாலும் எவ்வளவு கடுமையான மேஸ்திரியிடமும் “இது ஏன்?” என்று ஒருவர் கேட்டுவிட முடியும், பதில் சொல்லாவிட்டால் அது அவருக்கு இழுக்கு. ஒருவரை ஆபத்தான இடத்துக்கு ஏவும்போதே அவருக்குப் பதில் சொல்லும் கடமையும் ஏவியவர்மேல் ஏறுகிறது. ஏவும் உரிமையே அந்தக் கடமையிலிருந்துதான் வருகிறது என்பேன். கணினிக்குப் பின்னால் ஒரு பொறியாளர் இருக்கிறாரே என்றால், அவர் பெயர் திரையில் இருக்கட்டும், கூப்பிட்டால் எடுக்கட்டும். நடப்பில் விதியை எழுதியவர் ஒருவர், அட்டவணையை ஏற்றியவர் ஒருவர், ஆளைத் தேர்ந்தெடுத்தது மென்பொருள். இந்த மனிதர், இந்த நேரத்தில், இந்தத் தொட்டிக்குள் இறங்க வேண்டும் என்று முடிவெடுத்தவர் யாருமில்லை.

‘முடியாது’ என்று ஒரு பொத்தானும் வைத்திருக்கிறோமே என்று இன்னொரு பதில் வரும். அழுத்திய பின் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். திரை நாலு காரணங்களைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். “இந்த வாடை சரியில்லை” என்பது அந்த நாலில் இருக்காது. பிறகு அதே வேலை, ஓய்வாயிருக்கும் அடுத்த ஆளின் கருவிக்குத் தானாகப் போய்விடலாம். முதலாமவர் ஏன் மறுத்தார் என்று இரண்டாமவருக்குத் தெரியாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துத் தொழில் பாதுகாப்புச் சட்டம் இந்த இடத்தை மனிதர்களை வைத்தே யோசித்திருக்கிறது. ஆபத்து என்று ஒருவர் மறுத்த வேலையை, விசாரணை முடியும்வரை, அந்த மறுப்பையும் அதன் காரணத்தையும் தெரிவிக்காமல் இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. அதுவும் தொழிலாளர் தரப்புப் பிரதிநிதி ஒருவர் முன்னிலையில் தெரிவிக்க வேண்டும். வேலை ஏவும் மென்பொருள் வாங்கும் ஒவ்வொரு ஆலையும் விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: மறுத்தவர் தன் வாயால் சொன்ன காரணம், அடுத்து அனுப்பப்படுபவரின் காதுக்கு யார் மூலம் போய்ச் சேரும்?