இரகசியம் யாருடையது?

ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகக் குடியேற விண்ணப்பித்தவர்கள், விசா கைக்கு வருமுன் ஒரு குழாய் இரத்தம் கொடுத்திருப்பார்கள். 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு எச்.ஐ.வி. சோதனையும் அதில் அடக்கம். மார்பு எக்ஸ்ரே, சிறுநீர், இரத்தம் என்று ஒரு முற்பகலில் முடிந்துபோகும் வேலை. நோய் இருப்பது தெரிந்தால் அந்த ஒரு காரணத்துக்காகவே விண்ணப்பம் தள்ளுபடி ஆவதில்லை. சிகிச்சைச் செலவு அரசு வகுத்த வரம்பைத் தாண்டுமா என்று கணக்குப் போடுகிறார்கள். 2024 ஜூலை முதல் அந்த வரம்பு 86,000 டாலர்.

இந்தச் சோதனை நம்மிடையே ஒரு வசதியான நம்பிக்கையை வளர்த்திருக்கிறது: ‘அதெல்லாம் நம்ம ஆட்களிடம் கிடையாது.’ வாசலிலேயே பார்த்துத்தானே உள்ளே விட்டார்கள்! ஆனால் அந்த இரத்தம் அந்த ஒரு நாளுக்கு மட்டுமே சாட்சி. அதற்குப் பிறகு நாம் இங்கே இருபது, முப்பது ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறோம். பிள்ளைகள் இங்கேயே பிறந்து வளர்ந்திருக்கிறார்கள். எச்.ஐ.வி., மனநோய், போதைப் பழக்கம் எதுவும் மொழி பார்த்து வருவதில்லை. வந்தால் நாம் பெரும்பாலும் ஒன்றைத்தான் செய்கிறோம்: வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்கிறோம். அதை ஆதரவு என்றும் நம்புகிறோம். அது ஆதரவுதானா?

சிட்னி வென்ட்வொர்த்வில் பகுதியில் எனக்குப் பழக்கமான ஒரு குடும்பம் உண்டு. மகனுக்கு இருபத்திரண்டு வயதில் மனநோய் வந்தது. அவன் மருத்துவமனையில் இருந்த மாதங்களில் ஒருவரிடம் கான்பராவில் வேலை என்றார்கள், இன்னொருவரிடம் மேற்படிப்பு என்றார்கள். குணமாகி வந்தபின் அவன் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னான்: “அண்ணா, யாராவது போன் பண்ணினா, நான் எங்க இருந்தேன்னு முதல்ல அம்மாகிட்ட கேட்டுக்கணும்.” அந்தத் தாய் தூங்காமல் மருத்துவமனைக்கு நடையாய் நடந்தவர். அவருடைய அன்பில் எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் தன் வாழ்க்கையைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவன் இன்னொருவரிடம் கேட்க வேண்டியிருந்தது.

குடும்பம் ஏன் இப்படிச் செய்கிறது? சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963இல் எழுதிய நூல் இதற்கு விடை தருகிறது. களங்கம் இரண்டு வகை மனிதர்கள்மீது விழுகிறது என்றார் அவர். ஒரு வகையினரின் குறி பார்த்தவுடன் தெரிந்துவிடும். மற்றவர்களின் குறி தெரியாது. அது தெரிந்துவிடாமல் காப்பதே அவர்களுக்கு வாழ்நாள் வேலையாகிவிடும். இன்னொன்றையும் அவர் கவனித்தார்: களங்கம் நோயாளியோடு நிற்பதில்லை, அவரோடு உறவுள்ளவர்கள்மீதும் ஒட்டிக்கொள்கிறது. தங்கைக்கு வரன் பார்க்கும் வீட்டில் இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. குடும்பம் மறைப்பதில் பாதி அவனைக் காப்பதற்காக. மீதிப் பாதி தன்னைக் காத்துக்கொள்வதற்காக. இரண்டும் ஒரே துணிக்குள் முடிந்து கிடப்பதால் எது எதுவென்று நமக்கே தெரிவதில்லை.

மறைப்பவர்கள் அறியாதவர்கள் என்று சொல்லிவிடவும் முடியாது. ஈவ் வான் கிராஃப்ஹோர்ஸ்ட் என்ற சிறுமியின் கதை இந்த நாட்டில் பலருக்கு இன்னும் நினைவிருக்கும். குறைமாதத்தில் பிறந்து, ஏற்றப்பட்ட இரத்தத்தின் வழியே எச்.ஐ.வி. தொற்றிய குழந்தை. 1985இல், சிட்னிக்கு வடக்கே கின்கம்பரில், மற்றப் பெற்றோர்களின் அச்சத்தால் அவளுக்கு மழலையர் பள்ளிக் கதவு மூடப்பட்டது. அடுத்த ஆண்டே குடும்பம் நியூசிலாந்துக்குக் குடிபெயர்ந்தது. 1993இல், 11 வயதில், அவள் அங்கே இறந்தாள். எந்தத் தவறும் செய்யாத மூன்று வயதுக் குழந்தைக்கே இந்த நிலை என்றால், வாயைத் திறக்காதவர்களை யார் குறைசொல்ல முடியும்? ‘வெளிப்படையாக இருங்கள், களங்கம் தானாக மறையும்’ என்று அறிவுரை சொல்பவர் அதற்கான விலையைத் தான் கொடுப்பதில்லை.

ஆகவே சொல்வதா மறைப்பதா என்று கேட்பதைவிட, முடிவு யார் கையில் இருக்கிறது என்று கேட்பது சரியாக இருக்கும். மருத்துவமனைகளுக்கான மென்பொருள் திட்டங்களில் சில ஆண்டுகள் வேலை செய்தவன் என்பதால் எனக்கு இது அனுமதிப் பட்டியலாகத்தான் கண்ணில் படுகிறது. ஆஸ்திரேலியாவின் ‘மை ஹெல்த் ரெக்கார்ட்’ முறையில் ஒருவர் தன் பதிவுகளைப் பூட்டி வைக்கலாம், ஓர் ஆவணத்தை மட்டும் மறைக்கலாம், யார் எப்போது திறந்து பார்த்தார்கள் என்றும் காணலாம். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் மருத்துவர் பூட்டைத் தாண்டிப் பார்க்கலாம். ஆனால் அந்தத் தாண்டலும் பதிவாகும்.

நம் வீட்டு ஏற்பாடு இதற்கு நேர் எதிர். சித்தப்பாவுக்குத் தெரியும், ஊரில் இருக்கும் பெரியம்மாவுக்கும் தெரியும், யாரிடம் என்ன கதை சொல்வது என்று முடிவாகியிருக்கும். அந்தப் பட்டியலைப் போடும்போது யாரும் கேட்காத ஒரே ஆள் நோயாளிதான். அந்தரங்கம் அவருடைய உரிமை. மறைப்பு, அவர் பெயரில் மற்றவர்கள் நடத்தும் நிர்வாகம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மௌனமாகத்தான் தெரியும்.

அந்த நிர்வாகம் மூன்றாவது ஓர் ஆளையும் பலியாக்கக்கூடும். நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமி 1990களில் மணமானவர். கணவருக்குத் தன் எச்.ஐ.வி. நிலை திருமணத்துக்கு முன்பே தெரிந்திருந்தது, மணப்பெண்ணுக்குத் தெரியாது. தொற்று அவருக்கும் வந்தது. அவர் வீட்டுக்குள் முடங்கிவிடவில்லை. 1998இல் வேறு சில பெண்களோடு சேர்ந்து, எச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்களுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார். தன் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் பேசினார். அந்த முடிவை எடுத்தவர் அவரேதான்.

அப்படியானால் நோயாளியின் உரிமைக்கு எல்லை உண்டா? உண்டு. இந்தியாவில் 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம் அந்த எல்லையை நிதானமாக வரைகிறது. ஒப்புதலின்றி ஒருவரின் நிலையை வெளியிடக் கூடாது என்பது பொதுவிதி. வாழ்க்கைத்துணைக்குத் தொற்றும் அபாயம் உண்மையாகவே இருந்து, எடுத்துச் சொல்லியும் நோயாளி சொல்ல மறுத்தால், ‘நான் சொல்லப்போகிறேன்’ என்று அவருக்கு அறிவித்துவிட்டு மருத்துவரோ ஆலோசகரோ துணையிடம் சொல்லலாம். அதனால் வன்முறையோ கைவிடப்படுவதோ நேரும் என்ற அச்சம் இருந்தால், குறிப்பாகப் பெண்கள் விஷயத்தில், அதுவும் கூடாது. அபாயத்தில் இருப்பவருக்கு அறியும் உரிமை உண்டு. சம்பந்தியின் அத்தைக்கு இல்லை.

இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் 1986இல் சென்னையில்தான் கண்டறியப்பட்டன. சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலாளிப் பெண்களிடம் எடுத்த இரத்த மாதிரிகளில் அது தெரியவந்தது. 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தைத் தொடங்கிய சுனிதி, பின்னாளில் தன் நோயாளிகளுக்குக் கல்யாணத் தரகராகவும் ஆனார். ‘லவ்சிக்’ என்ற ஆவணப்படம் அந்த வேலையைப் பதிவு செய்திருக்கிறது. தொற்றுள்ளவருக்குத் தொற்றுள்ளவரையே பொருத்தம் பார்த்தார். எதை மறைத்துத்தான் கல்யாணம் நடக்கும் என்று ஊர் நினைத்ததோ, அதைச் சொல்வதே அங்கே நுழைவுச் சீட்டு. பாதுகாப்பாக உண்மை பேச ஓர் இடம் இருந்தால் மக்கள் பேசுவார்கள் என்பதை அவர் செய்தே காட்டினார்.

2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அவருடைய மையமும் பங்கேற்றது. 9 நாடுகள், 1,763 இணைகள். ஒவ்வொன்றிலும் ஒருவருக்குத் தொற்று உண்டு, மற்றவருக்கு இல்லை. உடனே சிகிச்சை தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குப் பரவுவது, தாமதித்துத் தொடங்கியவர்களோடு ஒப்பிட 96 விழுக்காடு குறைந்தது. முறையாக மருந்து எடுத்து, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவின் வழியே அது பரவாது என்பது இன்று உறுதியான அறிவு. தங்களுக்குள் உண்மையைச் சொல்லிக்கொண்ட இணைகள் இல்லையென்றால் அந்த அறிவு நமக்குக் கிடைத்திருக்காது.

வைரஸுக்கு மருந்து வந்துவிட்டது. பயம் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. அதனால்தான் இங்குள்ள சமூக ஆய்வுகள் கேள்வியின் திசையை மாற்றின. மெல்பர்னின் லா ட்ரோப் பல்கலைக்கழகம் 1997 முதல் எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களிடம் அவர்களுடைய வாழ்க்கையைப் பற்றிக் கேட்டுவருகிறது. சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதோடு நிற்காமல் பொதுமக்களையும் மருத்துவப் பணியாளர்களையும் கேட்டார்கள்: எச்.ஐ.வி. இருப்பதற்காக, போதை ஊசி போடுவதற்காக, ஒருவரிடம் நீங்கள் மோசமாக நடந்துகொள்வீர்களா? களங்கத்தை அது விழுந்த உடலில் மட்டும் அளந்துகொண்டிருந்தவர்கள், அது புறப்படும் இடத்திலும் அளக்கத் தொடங்கினார்கள்.

நம் சங்கங்களிலும் கோயில் மண்டபங்களிலும் அந்தக் கேள்வித்தாளைக் கொடுத்தால் நாம் என்ன எழுதுவோம்? ‘மாட்டேன்’ என்றுதான் பெரும்பாலோர் எழுதுவோம். அப்படி எழுதும் நம்மிடமிருந்துதான் நம் பக்கத்து வீட்டுக்காரர் தன் மகனை மறைத்துக்கொண்டிருக்கிறார்.

குடும்பத்தில் இப்படி ஒன்று நேரும்போது, ‘யாருக்கும் சொல்லிடாதே’ என்பது நம் வாயில் முதலில் வருகிறது. அதற்குப் பதில் நோயாளியிடமே, ‘யாருக்குச் சொல்லலாம், யாருக்கு வேண்டாம்?’ என்று கேட்கலாம். அவர் ‘யாருக்கும் வேண்டாம்’ என்றால் அதைக் காப்பாற்றுவோம். அப்போது அது அவருடைய மௌனம். ‘நானே சொல்லிக்கொள்கிறேன்’ என்றால், அவர் சொல்லும் நாளில் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம்.