நூலகத்துத் திரையும் தோட்டத்து வாசகரும்

பொது நூலகத்தின் இணையக் கணினிக்குத் தடுப்பு இடுவது அறமா என்ற வினா, இலங்கையின் பதுளையிலும் பசறையிலும் எழும்போது தனியொரு கனத்தைப் பெறுகிறது. இவ்வூர்கள் அமைந்த ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களின் மக்கள், தம்மிடம் யார் வந்து பேசலாம் என்பதைக்கூடத் தோட்டத் துரைமாரே தீர்மானித்த ஒரு நீண்ட காலத்தைக் கடந்து வந்தவர்கள். மலையகத் தொழிலாளரைச் சந்திக்கத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் துணி வியாபாரி வேடம் பூண வேண்டியிருந்ததும் அக்காலத்திலேதான்.

தடுப்பை வேண்டுவோரின் கவலை அற்பமானதன்று. கொழுந்தெடுக்கப் போன தாய் மாலைவரை திரும்பாத பொழுதில் நூலகத்துக்கு வரும் பிள்ளையை ஆபாசத்தினின்றும் வஞ்சகத்தினின்றும் காப்பது சமூகத்தின் கடமையே. அமெரிக்க உச்ச நீதிமன்றமும், அரசு நிதியுதவி பெறும் நூலகங்கள் தடுப்பிட வேண்டுமென்ற 2000ஆம் ஆண்டுச் சட்டத்தை 2003இல் ஏற்றுக்கொண்டது. ஆயினும், வயது வந்த வாசகர் கேட்டால் தடுப்பை நீக்கலாம் என்ற ஏற்பாடு அத்தீர்ப்புக்கு ஒரு முக்கிய ஆதாரமாய் நின்றது.

ஆனால் கேட்பது எல்லோர்க்கும் எளிதா? மார்பகப் புற்றுநோயின் அறிகுறிகளைத் தேடும் ஒரு பெண்ணை, சொல்லை மட்டுமே பார்க்கும் இயந்திரம் தடுத்துவிட்டால், மேசைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் அந்நிய ஆடவரிடம் தன் தேவையை விளக்க நாணி அவள் எழுந்து போய்விடுவாள். ஒரு குற்றமும் செய்யாத அவளே தண்டனை பெற்றவளாகிறாள்.

அறிவதனால் விளையும் தீங்கை மட்டும் எண்ணுவோர், அறியாமையும் ஓர் அபாயம் என்பதை மறந்துவிடுகின்றனர். 2014 அக்டோபர் 29 அன்று ஊவாவின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து தொழிலாளரின் லயக் குடியிருப்புகளைப் புதைத்தது. அச்சரிவைப் பற்றி நிபுணர் ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரித்திருந்தனர். அத்தகைய எச்சரிக்கைகளை மக்கள் தாமே தேடி, தம் மொழியில் வாசித்து, அதிகாரிகளை வினவும் வாய்ப்பு உயிர்காக்கும் வாய்ப்பாகும். சேமலாப நிதியின் கணக்கும் காணி உரிமையின் விதிகளும் அவ்வாறே அவர்கள் கைக்கு எட்ட வேண்டியவை. தகவலை அணுகுவதை 2015இல் இலங்கை அரசியலமைப்பின் 19ஆவது திருத்தம் அடிப்படை உரிமையாக்கியதன் பொருளும் இதுவே.

ஆதலின் தடுப்பு சிறுவரின் கணினியோடு நிற்பதே நியாயம். வயது வந்தோரின் கணினி, காரணம் கேட்கப்படாமலே திறந்திருத்தல் வேண்டும்; எவை, யாரால், ஏன் தடுக்கப்பட்டன என்பது தமிழிலும் சிங்களத்திலும் சுவரில் எழுதப்படுதல் வேண்டும். ஊவாவின் உள்ளூராட்சி மன்றங்கள் இதனைத் தம் நூலக விதியாகவே ஆக்குதல் வேண்டும். பிள்ளையைக் காப்பதன் பெயரால் தாயின் அறிவுக்கு விலங்கிடும் உரிமை எவர்க்கும் இல்லை.